ஒரு ரூபாய்ச் சம்பளத்திலிருந்து உயர் நீதிமன்றம் வரை

திருவில்லிபுத்தூர் என்றதும் நம் எல்லோர் நினைவுக்கும் முதலில் வருவது வடபத்ரசாயி கோயிலின் கோபுரந்தான். பதினொரு நிலைகளும் 192 அடி உயரமும் கொண்ட அக்கோபுரத்தைத் தொலைவிலிருந்து கண்டதுமே கைகூப்பும் பெரியவர்களை நாம் நாள்தோறும் பஸ்ஸில் காண்கிறோம். அதே ஊரில் இன்னோர் இடத்துக்கும் மக்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். நம் விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் மாவட்டத் தலைநகரில் இல்லை, திருவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. இராசபாளையத்தில் பஸ் ஏறுகிறவர்களில் யார் கோயிலுக்குப் போகிறவர், யார் கோர்ட்டுக்குப் போகிறவர் என்பதைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். ஒருவர் கையில் பூவும் தேங்காயும் இருக்கும். மற்றவர் கையில் மஞ்சள் பையும் அதற்குள் காகிதக் கட்டும் இருக்கும். ஆனால் இருவருடைய உதடுகளும் ஒரே வேண்டுதலைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

கோயிலுக்கும் கோர்ட்டுக்கும் என்ன தொடர்பு என்று நான் முன்பெல்லாம் நினைத்ததில்லை. என்னை நினைக்க வைத்தது என் தந்தையாரின் செருப்பு.

என் தந்தையார் விசைத்தறியில் பேண்டேஜ் துணி நெய்யும் தொழிலாளி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் பள்ளி இறுதி வகுப்பில் படித்தபோது, இரவு வேலை முடித்துத் திரும்பிய வழியில் ஒரு விபத்தைக் கண்டார். சைக்கிளில் சென்ற ஒருவர்மீது வேன் மோதியது. அடிபட்டவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர். வழக்கு நடந்தது. சாட்சி சொல்ல என் தந்தையாருக்கு அழைப்பாணை வந்தது. வேன் வேகமாக வந்ததை அவர் பார்த்தார்; மோதியதையும் பார்த்தார். ஆனால் ஓட்டியவரின் முகத்தை இருட்டில் அவர் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்ததாகச் சொல்லிவிடும்படி தெருவில் பலரும் கேட்டுக்கொண்டார்கள். அடிபட்டவருக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் கேட்டவர்கள்தாம் அவர்கள்.

அன்று காலையில் அப்பா குளித்து, திருநீறு அணிந்து, நெடுநேரம் சாமி படத்தின் முன்னால் நின்றார். துணைக்கு நானும் போனேன். நம் மாவட்டத்து நீதிமன்றம் ஒன்றின் வாசற்படியில் அவர் யாரும் சொல்லாமலே தம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். கூண்டில் நின்ற அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மேடையில் இருந்த நீதிபதி அம்மையார் அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறர் சொன்னதை விட்டுவிட்டு, தம் கண்ணால் கண்டதை மட்டும், அவசரமில்லாமல் சொன்னால் போதும் என்றார். அப்பா கண்டதைச் சொன்னார். காணாததைக் காணவில்லை என்றார். அந்த அம்மையார் இரண்டையும் ஒரே முகத்தோடு கேட்டு எழுதிக்கொண்டார். சில மாதங்களுக்குப் பின்னர் அந்த ஓட்டுநர் விடுதலையானார். அதன்பிறகு அடிபட்டவரின் வீட்டார் எங்களோடு பேசுவதில்லை.

அப்பா செய்தது சரிதானா? நீதி அன்று வென்றதா, தோற்றதா? இக்கேள்வியோடு நூலகத்தில் புரட்டிய நூல்களில்தான் ஒரு மனிதரைக் கண்டேன். அவரைப் பற்றி என் சக மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர், சர் டி. முத்துசாமி ஐயர் அவர்களே அம்மனிதர்.

ஆற்றங்கரையைப் பார்த்து வந்த சிறுவன்

முத்துசாமி ஐயர் 1832ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடி என்னும் சிற்றூரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வேங்கட நாராயண சாஸ்திரி இளமையிலேயே காலமாகிவிட்டார். பிழைப்புக்காகத் தாயும் மகனும் திருவாரூர் வந்தார்கள். அங்கே சிறுவனுக்குக் கிராமக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் ஒரு ரூபாய். சிறிது காலத்தில் தாயும் மறைந்தார். இனி நமக்கு யார் என்று ஏங்கும் நிலையில் அந்தச் சிறுவன் நின்றான்.

அவ்வூர்த் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் என்பவர். ஒரு நாள் ஆற்றங்கரை உடைப்பெடுத்துவிட்டது என்று செய்தி வந்ததாம். விவரம் அறியத் தாசில்தார் எழுத்தரைத் தேடினார். அந்நேரம் அலுவலகத்தில் இருந்தவன் இச்சிறுவன் ஒருவனே. அவனையே அனுப்பினார். அவன் நேரில் போய்ப் பார்த்து, எவ்வளவு உடைந்திருக்கிறது, அடைக்க என்னென்ன வேண்டும் என்பதையெல்லாம் கேட்டறிந்து வந்து சொன்னான். சிறுவன் பேச்சை எப்படி நம்புவது என்று தாசில்தார் வேறொருவரைக் கொண்டு சரிபார்த்தார். சிறுவன் சொன்னதில் ஒன்றும் பிசகவில்லை. அவருடைய வரலாற்றில் சொல்லப்படும் இந்நிகழ்ச்சியை நான் இருமுறை படித்தேன். ஒரு நல்ல சாட்சிக்கும் ஒரு நல்ல நீதிபதிக்கும் வேண்டிய முதற்பண்பு, போய்ப் பார்ப்பது. பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது. அது அவருக்குப் பட்டங்கள் வருமுன்பே வந்திருந்தது.

தாசில்தார் அவரைச் சென்னைக்கு அனுப்பி, சர் ஹென்றி மாண்ட்கோமரி பெயரால் விளங்கிய பள்ளியில், தம் உறவினரான ஒரு சிறுவனுக்குத் துணையாசிரியராகவும் இருந்துகொண்டு படிக்க ஏற்பாடு செய்தார். படிக்க எண்ணெய் இல்லாமல் தெரு விளக்கின் அடியில் உட்கார்ந்து படித்தவர் என்று நம் பள்ளிகளில் இன்றும் அவரைச் சொல்வார்கள். ஆண்டுதோறும் பரிசுகளும் உதவித்தொகையும் பெற்றார். ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் அவர் பெற்ற வெற்றி, கல்வித்துறையின் பவல், நீதிபதி ஹாலவே போன்ற ஆங்கிலேயர்களின் கவனத்தை ஈர்த்தது. இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று சிவில் சர்வீஸ் தேர்வுக்கு ஆயத்தம் செய்விப்பதாகக் கூட ஹாலவே முன்வந்தார். குடும்பச் சூழ்நிலையால் அவர் போக இயலவில்லை.

பின்னர் அரசாங்கம் வழக்கறிஞர்களுக்கெனத் தேர்வு ஒன்றை நடத்தத் தொடங்கியபோது அதில் சிறப்பாகத் தேறி, தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். ஒரு நாள் தஞ்சை மாவட்ட நீதிபதியாக இருந்த ஆங்கிலேயர் ஒருவர் முன்னறிவிப்பின்றி வந்து, அவர் வழக்கு விசாரிக்கும் முறையைப் பக்கத்தில் அமர்ந்து கவனித்து வியந்து போனார் என்பார்கள். 1859இல் இனாம் கமிஷனில் துணை ஆணையர், பின்னர் தஞ்சையில் டிப்டி கலெக்டர், 1865 முதல் 1868 வரை மங்களூரில் சார்பு நீதிபதி என்று படிப்படியாக உயர்ந்தார். 1868இல் சென்னை நகரப் போலீஸ் மாஜிஸ்ட்ரேட் ஆனார். அப்பதவியில் இருந்துகொண்டே, நாற்பதை நெருங்கும் வயதில், சட்டப் பட்டமும் பெற்றார். வடமொழியிலும் தேர்ச்சி பெற்றார். இருபது வயதில் படிக்கச் சோம்பும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

மூன்று ரூபாய் அபராதம்

குற்ற நீதியின் கதை இங்கேதான் தொடங்குகிறது. நகர மாஜிஸ்ட்ரேட்டின் முன்னால் வருபவை பெரும்பாலும் சிறு குற்றங்கள்: அடிதடி, திருட்டு, குடித்துவிட்டுக் கலகம் செய்தல். ஆனால் அடிப்பவர் யார், அடிபடுபவர் யார் என்பதைப் பொறுத்து அச்சிறு குற்றமும் பெருஞ்சோதனையாகிவிடும். அத்தகைய சோதனை அவருக்கும் வந்தது.

உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஆங்கிலேயர் ஒருவர் ஓர் இந்தியரை அடித்துவிட்டார் என்று புகார் வந்தது. முத்துசாமி ஐயர் அந்நீதிபதிக்கு அழைப்பாணை அனுப்பினார். தலைமை மாஜிஸ்ட்ரேட், இவ்வளவு உயர்ந்த பதவியில் உள்ளவரை நேரில் வரச் சொல்ல வேண்டாம், விலக்களித்துவிடலாம் என்று எடுத்துச் சொன்னார். முத்துசாமி ஐயர் இணங்கவில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் நேரில் வந்தே தீர வேண்டும் என்றார். அவர் வந்தார். விசாரணை நடந்தது. அபராதம் மூன்று ரூபாய்.

மூன்று ரூபாய்தானா என்று நமக்குத் தோன்றும். அந்த ஆங்கிலேயருக்கு அது ஒரு பொருட்டே அன்று. ஆனால் அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். அக்காலத்தில் மாகாணத் தலைநகர்களுக்கு வெளியே, ஐரோப்பியர் ஒருவர் குற்றம் செய்தால் அவரை விசாரிக்கும் உரிமை இந்திய மாஜிஸ்ட்ரேட்டுக்கு இல்லை. இந்த வேற்றுமையை நீக்க, ரிப்பன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1883இல் இல்பர்ட் மசோதா கொண்டுவரப்பட்டது. ஐரோப்பியர்களின் பெருங்கிளர்ச்சியால் அது 1884இல் மிகவும் நீர்த்துப்போய்த்தான் சட்டமாயிற்று. தங்களை விசாரிக்கும் ஜூரியில் பாதிப்பேர் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையை அவர்கள் பெற்றுக்கொண்டார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, சென்னையில் ஓர் இந்தியர், தம்மைவிடப் பதவியில் எத்தனையோ படி உயர்ந்த ஓர் ஆங்கிலேயரைத் தம்முன் நிற்க வைத்தார். அடிபட்ட அந்த மனிதரின் பெயரை நான் படித்த நூல்கள் சொல்லவில்லை. ஆயினும் அவர் அன்று வீடு திரும்பும்போது மூன்று ரூபாயை நினைத்திருக்க மாட்டார். தம்மை அடித்தவரும் தாமும் ஒரே கூரையின் கீழ் ஒரே சட்டத்துக்குமுன் நின்றதையே நினைத்திருப்பார்.

அதே வேளையில் மற்றொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். அவர் அந்த ஆங்கிலேயரைச் சிறைக்கு அனுப்பிப் பெயர் வாங்க முயலவில்லை. குற்றம் எவ்வளவோ தண்டனையும் அவ்வளவே என்று நின்றார். அஞ்சிக் குறைப்பதும் தவறு. ஆத்திரத்தில் கூட்டுவதும் தவறு. ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டில் நீர்மட்டத்தைப் பார்க்கும்போது கண்ணை மட்டத்துக்கு நேராக வைக்க வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் அடிக்கடி சொல்வார். தலை சற்று உயர்ந்தாலும் அளவு மாறும். சற்றுத் தாழ்ந்தாலும் மாறும். நீர் அப்படியே இருக்க, பார்ப்பவரால் பிழை வருகிறது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியது ஏன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

உயர் நீதிமன்றத்தில்

மாஜிஸ்ட்ரேட் பதவிக்குப் பின்னர் அவர் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். 1878இல் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டார். கல்கத்தாவில் 1863ஆம் ஆண்டிலேயே சம்புநாத் பண்டிட் என்ற இந்தியர் உயர் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தார். ஆனால் சென்னைக்கு அது புதிது. இங்கிருந்த ஆங்கிலேயப் பத்திரிகைகள் அந்நியமனத்தைத் தாக்கி எழுதின.

அந்தத் தாக்குதலுக்கு மறுமொழி சொல்ல இந்தியர்களிடம் ஒரு பத்திரிகை இல்லை. அப்போது திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் முன்வந்தார்கள். ஜி. சுப்பிரமணிய ஐயரும் மு. வீரராகவாசாரியாரும் ஆசிரியர்கள், மற்ற நால்வரும் சட்டக் கல்லூரி மாணவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாவைக் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20ஆம் நாள் எண்பது பிரதிகள் அச்சிட்டார்கள். அதுவே இந்து நாளிதழின் தொடக்கம். அப்போது அது வார இதழ். ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் வாழ்வைத் தொடங்கியவருக்காக, ஒன்றே முக்கால் ரூபாய்க் கடனில் மாணவர்கள் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார்கள். மாணவர்களால் ஆகாதது எது!

ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் அவர் அந்த ஆசனத்தில் இருந்தார். அன்று திருவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. நம் ஊர்க்காரர் ஒருவருக்குக் கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டால், அது சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்த பிறகே நிறைவேறும். இன்றும் சட்டம் அதுவே. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. நடைமுறைச் சட்டமும் மாறிவிட்டது. ஆனால் அமர்வு நீதிபதி தனியே ஓர் உயிரைப் பறித்துவிட முடியாது, உயர் நீதிமன்றம் சாட்சியங்களை மீண்டும் படித்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்ற விதி மாறவில்லை. நம் மாவட்டத்திலிருந்து அத்தகைய வழக்கு இன்று சென்னைக்குப் போக வேண்டியதில்லை. 2004இல் தொடங்கப்பட்ட மதுரைக் கிளைக்குப் போகும்.

மதுரை என்றதும் எனக்குச் சிலம்பு நினைவுக்கு வருகிறது. ஒரு பொற்கொல்லனின் சொல்லை மட்டும் கேட்டு, எதிர்த்தரப்பைக் கேளாமல், இரண்டாம் முறை பார்க்காமல், பாண்டியன் ஓர் உயிரைப் பறித்தான். உண்மை தெரிந்தபோது அவனும் உயிர் விட்டான். கோவலன் மீண்டு வரவில்லை. ஒருமுறைக்கு இருமுறை சாட்சியத்தைப் படிக்கச் சொல்லும் இன்றைய விதிக்குள், அந்தப் பாண்டியன் செய்யத் தவறியது அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

1891இல் மலபார் திருமண முறைகளை ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்கு முத்துசாமி ஐயர் தலைமை தாங்கினார். 1893இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் மூன்று மாதங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1895 ஜனவரி 25ஆம் நாள், அறுபத்து மூன்று வயது நிறைய மூன்றே நாட்கள் இருக்கும்போது, காலமானார்.

ஆன்மிகம் எங்கே இருக்கிறது?

நீதிபதிக்கு ஆன்மிகம் வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். சட்டமும் சாட்சியமும் இருக்க, இடையில் கடவுளுக்கு என்ன வேலை என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நீதிபதி தம் சமயத்தைக் கொண்டு தீர்ப்பெழுதத் தொடங்கினால், வேறு சமயத்தவர் கதி என்னாவது?

முத்துசாமி ஐயர் முன்சீப்பாக இருந்த அதே தரங்கம்பாடியில் முன்சீப்பாக இருந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் கிறிஸ்தவர், இவர் இந்து. வேதநாயகம் பிள்ளை 1859இல் வெளியிட்ட நீதிநூலில், நீதி வழங்க வேண்டியவன் கைக்கூலி வாங்குவதைக் கடுமையாகச் சாடினார். எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் இயற்றினார். வழக்குக்கு வந்தவர்கள் இருவரில் எவரிடமும் எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று பார்த்துப் போகவில்லை. ஆதலால் நீதிபதிக்கு வேண்டிய ஆன்மிகம் நெற்றியில் இருப்பது அன்று என்பது தெளிவு.

அப்படியானால் அது எங்கே இருக்கிறது? முத்துசாமி ஐயர் சிறுவயதில் வாழ்ந்த திருவாரூரே இதற்கு விடை சொல்கிறது. தேர்க்காலில் கன்றை இழந்த பசு மணியடித்து முறையிட, தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் ஊர் அது. கல்லில் செதுக்கிய தேரை அங்கே காணலாம். ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்கெழுதிய அச்சிறுவன் அக்கதையைக் கேளாமல் வளர்ந்திருக்க முடியாது.

ஆனால் அக்கதையை அப்படியே இன்றைய நீதிபதி பின்பற்ற முடியாது. தம் மகன் சம்பந்தப்பட்ட வழக்கை ஒரு நீதிபதி விசாரிக்கவே கூடாது. விலகிக்கொள்ள வேண்டும் என்பதே இன்றைய முறை. சோழன் தன் பாசத்தைத் தானே தண்டித்தான். இன்றைய நீதிபதி தம் பாசத்தை நம்பாமல் எழுந்து போகிறார். வழி வேறு, மனம் ஒன்றுதான். தம் விருப்பு, தம் வெறுப்பு, தம் பதவி, தம் இனம் ஆகிய இவை தராசில் ஏறிவிடக் கூடாதே என்ற அச்சம். எதிரே நிற்பவன் குற்றவாளியாகவே இருந்தாலும் அவனும் என்னைப்போல் ஓர் உயிர் என்ற நினைவு. யாரும் பார்க்காவிட்டாலும் என் மனம் பார்க்கிறது என்ற உறுதி. இவையே நீதிபதியின் ஆன்மிகம் என்று நான் கருதுகிறேன். இவற்றைச் சட்டப் புத்தகம் எதிர்பார்க்கலாம், கொடுக்க முடியாது. மூன்று ரூபாய் அபராதம் விதித்தவரிடம் இவை மூன்றும் இருந்தன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முத்துசாமி ஐயர் ஏழைதான். ஆனால் எழுத்தை உரிமையாகப் பெற்ற குலத்தில் பிறந்த ஏழை. அதே காலத்தில் வாழ்ந்த என் முன்னோர்களுக்குத் தெரு விளக்கு இருந்திருந்தாலும், அதன் அடியில் பிரித்து வைக்கப் புத்தகம் கிடைத்திருக்காது. அவர் ஏறிய படியில் எல்லோரும் ஏற நெடுங்காலம் ஆயிற்று. பெண்களில் முதல்வராக அன்னா சாண்டி கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானது 1959இல். சோலையார்பேட்டையில் பிறந்த ஏ. வரதராஜன், தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து 1973இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், அச்சமூகத்தின் முதல்வராக 1980இல் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றார். முதற்கதவைத் திறந்தவரைப் போற்றுகிறோம். அக்கதவு எல்லோருக்கும் திறக்கும்வரை தட்டியவர்களையும் சேர்த்தே போற்ற வேண்டும். என் தந்தையாரைத் தண்ணீர் குடிக்கச் சொன்ன நீதிபதி ஒரு பெண் என்பதையும் இங்கே நான் நன்றியோடு நினைக்கிறேன்.

செருப்பும் சாட்சியும்

இனி என் கேள்விக்கு வருகிறேன். அன்று நீதி வென்றதா?

அடிபட்டவர் இன்றும் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். அவரைக் காணும்போதெல்லாம் அப்பா தலையைக் குனிந்துகொள்கிறார். ஓட்டுநர் உண்மையில் அவர்தானா என்பது கடவுளுக்கே வெளிச்சம். இதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அப்பா காணாத முகத்தைக் கண்டதாகச் சொல்லியிருந்தால், அந்த அம்மையார் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பொய்யின்மேல்தான் தீர்ப்பு எழுதியிருப்பார். பொற்கொல்லன் சொல்லில் பாண்டியன் விழுந்தது அப்படித்தான். நீதிபதியின் நேர்மை பாதி. சாட்சியின் நேர்மை மறுபாதி. முதற்பாதிக்கு மேடை உண்டு, சம்பளம் உண்டு, சிலகாலம் கழித்துச் சிலையும் உண்டு. மறுபாதிக்கு ஒரு நாள் கூலி போவதும், தெருவில் சிலர் பேசாமற் போவதுந்தான் உண்டு.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்கும் சிலை இருக்கிறது. முத்துசாமி ஐயருக்கும் சிலை இருக்கிறது. நான் இன்னும் அவற்றைக் கண்டதில்லை. என்றேனும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். வாசலில் அவர் செருப்பைக் கழற்றத்தான் செய்வார். கோர்ட்டில் எதற்குச் செருப்பைக் கழற்றினீர்கள் என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். உள்ளே பொய் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே படியேறியதாகவும், கால் தானாகவே செருப்பை விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

நண்பர்களே, நம்மில் சிலர் நாளை வழக்கறிஞராகலாம். சிலர் நீதிபதியாகவும் ஆகலாம். பலர் என்றேனும் ஒரு நாள் சாட்சிக் கூண்டில் நிற்க நேரிடும். மேடையில் அமர்ந்தாலும் கூண்டில் நின்றாலும், ஆற்றங்கரை உடைப்பை நேரில் பார்த்து, பார்த்ததை மட்டும் வந்து சொன்ன அந்த ஒரு ரூபாய்ச் சிறுவனை நினைத்துக்கொள்வோம்.